அக்காவின் சண்டை டப்பா

என் அக்காவுக்கு மறதி என்ற வியாதி கிடையாது. நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒருத்தி என் ஓவிய நோட்டைக் கிழித்துப்போட்டாள். நான் அழுதேன், மறுநாளே மறந்துவிட்டேன். அக்கா மறக்கவில்லை. அந்தப் பெண்ணோடு வலியப் போய் சிநேகம் பிடித்தாள், மூன்று மாதம் ஒன்றாகச் சாப்பிட்டாள், ஒன்றாக வீட்டுக்கு நடந்தாள். அந்தப் பெண்ணின் பிறந்தநாளன்று காலையில், வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க, 'இனிமே உன்னோட நான் பேச மாட்டேன்' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். 'எதுக்குடி இவ்வளவு வன்மம்?' என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். 'அந்த நோட்டுல முப்பது படம் இருந்துச்சும்மா' என்றாள் அக்கா. அப்போது அவளுக்குப் பத்து வயது. அதற்குப் பிறகு படிப்பும் சம்பளமும்தான் கூடினவே தவிர ஆள் மாறவில்லை.

நான் வாயில்லாப் பூச்சி. யாராவது என் காலை மிதித்தால், என் கால் அவர்கள் செருப்புக்குக் கீழே வந்ததற்காக நானே மன்னிப்புக் கேட்கிற ரகம். எனக்கும் சேர்த்து அக்காவே கோபப்பட்டுவிடுவாள் என்பதால் எனக்கு அந்தப் பழக்கம் வராமலே போய்விட்டது.

அக்காவுக்கு வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். சர்க்கரைக்கு, கிருமிக்கு எல்லாம் வேறு மேஜைகள். ஜன்னலோரத்து மேஜை அக்காவுடையது. ரத்தம் எத்தனை வினாடியில் உறைகிறது என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. நீல மூடி போட்ட சின்னக் குழாயில், ரத்தம் உறையாமலிருக்க மருந்துத் தண்ணீர் கொஞ்சம் இருக்கும். அதில் போட்டிருக்கும் கோடு வரை ரத்தம் எடுத்து அனுப்ப வேண்டும். ஒரு நூல் குறைந்தாலும் தண்ணீர் மிஞ்சிப்போய் முடிவு தப்பாக வரும். குறைவாக வந்த குழாயை அக்கா திருப்பி அனுப்பிவிடுவாள், 'கோடு எதற்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்?' என்று ஒரு சீட்டும் எழுதி ஒட்டி. புது டாக்டர்கள் அவளைக் கண்டால் மாடிப்படியில் வழி மாறிப் போவார்கள்.

அங்கே அவளுக்குப் பெயர் 'ஸ்டாப்வாட்ச்'. தானாக நேரம் பார்க்கிற மிஷின் வந்து பத்து வருஷமாகியும் கழுத்தில் பழைய ஸ்டாப்வாட்சைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் திரிவாள். கேட்டால், 'மிஷின் பொய் சொன்னா சாட்சிக்கு ஆள் வேணாமா?' என்பாள்.

இன்னொரு வழக்கமும் அவளிடம் உண்டு. குளிர்பெட்டியின் அடித்தட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பா வைத்திருந்தாள். அவள் கொடுத்த முடிவை எந்த டாக்டராவது நம்பாமல் போன் செய்து கேள்வி கேட்டால், அந்த ரத்தத்தில் மிச்சமிருக்கும் பிளாஸ்மாவை, அதாவது சுழற்றியபின் மேலே தெளிந்து நிற்கிற மஞ்சள் நீரை, குட்டிக் குப்பியில் அடைத்து, நாள், நேரம், சந்தேகப்பட்டவர் யார் என்று எழுதி அந்த டப்பாவில் உறைய வைத்துவிடுவாள். மற்றவர்கள் மிச்சத்தைக் கொட்டுவார்கள், இவள் சேர்த்து வைப்பாள். பின்னால் ஒருநாள் யார் சொன்னது சரி என்று நிரூபிக்க வேண்டாமா? கூட வேலை பார்ப்பவர்கள் அதற்குச் சண்டை டப்பா என்று பெயர் வைத்திருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு இரண்டு டாக்டர்களை அவள் மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறாள். இருவர் பெயரும் இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

நான் சட்டை தைக்கிற கம்பெனியில் பட்டன் வைக்கிற மிஷினில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் ஒரு கடைக்குச் சாமான் கொண்டுபோகிற வேன் ஓட்டினார். பதினொரு வீடுகள் இருக்கிற ஒரு முட்டுச் சந்தில் கடைசி வீடு எங்களுடையது. நான், அவர், என் மாமியார். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து ஒரு பையன் பிறந்தான். பிறந்தது பக்கத்துத் தெருவில் இருக்கிற ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில். சுகப்பிரசவம், மூன்று கிலோ, தொண்டையும் நல்ல தொண்டை.

முப்பத்திரண்டாம் நாள் அவன் மூக்கில் ஒரு சொட்டு ரத்தம் பார்த்தேன். 'நகம் பட்டிருக்கும், நகத்தை வெட்டு' என்றார் மாமியார். வெட்டினேன். மறுநாள் தொடையில் ஒரு ரூபாய் அளவுக்கு நீலம் பாரித்திருந்தது. 'துணியை இறுக்கிக் கட்டுறே' என்றார். தளர்த்திக் கட்டினேன். முப்பத்தாறாம் நாள் மத்தியானம் பால் முழுவதையும் கக்கிவிட்டு, ஒரு பக்கமாகவே பார்த்துக்கொண்டு கிடந்தான். கூப்பிட்டால் திரும்பவில்லை. அப்புறம் வலிப்பு வந்தது. போனைக்கூட எடுக்காமல் பிள்ளையை அள்ளிக்கொண்டு அக்கா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

கீழே அவசரப் பிரிவில் என் பிள்ளைக்கு ரத்தம் எடுத்தபோது மேலே இருந்த அக்காவுக்கு அது யார் ரத்தம் என்று தெரியாது. சீட்டில் 'ஆண் குழந்தை, ஐந்து வாரம்' என்றும் ஒரு எண்ணும்தான். பதின்மூன்று பதினாலு வினாடியில் உறைய வேண்டிய ரத்தம் இரண்டு நிமிஷமாகியும் தண்ணீராக இருந்தது. அக்கா முடிவை அனுப்பினாள். கீழேயிருந்து டூட்டி டாக்டர் போன் செய்தார்.

'மேடம், மிஷினைக் கொஞ்சம் சரிபாருங்க. இப்படியெல்லாம் வராது.'

'மிஷின் சரியாத்தான் இருக்கு. நீங்க குழந்தையைச் சரியாப் பாருங்க' என்று போனை வைத்தாள். மறுபடி செய்து பார்த்தாள். அதே முடிவு. வந்த ஆத்திரத்தில் மிச்ச பிளாஸ்மாவை எடுத்து, டாக்டர் பெயரை எழுதி, சண்டை டப்பாவில் போட்டாள். பாசத்தால் அல்ல, ரோஷத்தால்தான் அதை எடுத்து வைத்தாள். இருபது நிமிஷம் கழித்து நான் செருப்பில்லாமல் மூன்று மாடி ஏறிப்போய் அவள் முன்னால் நின்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள், கையிலிருந்த குழாயைத் தாங்கியில் வைத்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அக்கா எதையாவது பிடித்துக்கொண்டு நின்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பையன் பிழைத்தான். மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. வேறொருவர் பிளாஸ்மாவும் வைட்டமின் கே ஊசியும் ஒரே நேரத்தில் ஏற்றி, மண்டையில் ஓட்டை போட்டு ரத்தத்தை வடித்தார்கள். பத்தாம் நாள் கண்ணைத் திறந்து பார்த்தான். இடது கை மட்டும் சோம்பலாகிவிட்டது.

ஆனால் பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது அப்புறம்தான் ஆரம்பித்தது. பிறந்த குழந்தைக்கெல்லாம் போடுகிற வைட்டமின் கே ஊசி போடப்பட்டதா என்று பிரசவ ஆஸ்பத்திரியைக் கேட்டார்கள். 'போடப்பட்டது' என்று அங்கிருந்து ஒரு சான்றிதழ் டைப் அடித்து வந்தது. அதோடு நிற்கவில்லை. அங்கே தலைமை நர்ஸாக இருந்த அம்மாள் போனில் ஒன்றைச் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள்: 'எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு. அந்தப் பொண்ணு பிரசவத்தப்பவே ஒரு மாதிரி பேந்தப் பேந்த முழிச்சுது. கை தவறிக் கீழ போட்டிருக்கும்.'

ஊசி போட்டாயிற்று என்றால் மிச்சம் இருப்பது அம்மாதானே. தலையில் பலமாக அடிபட்டாலும் ரத்தம் உறைவது கெட்டுப்போகுமாம். தொடையில் நீலம் வேறு இருந்தது. குழந்தை டாக்டர் சந்தேகம் என்று எழுதினார். ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பாதுகாப்புக்கு ஒரு குழு இருக்கிறது. பிள்ளையை என்னிடம் கொடுக்கலாமா, இல்லை மாமியாரிடம் கொடுத்து என்னை விலக்கி வைப்பதா என்று மூன்று வாரம் கழித்து வருகிற வெள்ளிக்கிழமை முடிவு செய்வோம் என்றார்கள். அதுவரை நான் பால் கொடுக்கும்போதுகூட ஒரு நர்ஸ் எதிரில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் பெற்ற பிள்ளையைத் தூக்குவதற்கு நான் பயந்தேன்.

என் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? குழு கேட்டதற்கு ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 'என் மனைவி வேலைக்களைப்பில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். குழந்தையைக் கை தவறிப் போட்டிருக்க வாய்ப்பு உண்டு.' நான் அவன் தொட்டிலுக்குப் பக்கத்தில் முப்பத்தாறு ராத்திரி விழித்திருந்தேன், இவர் முப்பத்தாறு ராத்திரியும் குறட்டை விட்டார். வீட்டில் கேட்டதற்கு, 'அம்மாதான் அப்படி எழுதச் சொன்னாங்க, நான் என்ன பண்றது?' என்றார். அம்மா எழுதச் சொன்னது மட்டுமில்லை, சந்தில் இருந்த பத்து வீட்டிலும் போய்ச் சொல்லிவிட்டும் வந்திருந்தார். இவர் கேட்டவர்களுக்கெல்லாம் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறார். நெருப்பில்லாமல் புகையுமா என்று சந்து முழுக்கப் பேச்சு. நான் பையோடு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்கா அந்தக் காகிதத்தின் நகலை இரண்டு தடவை படித்தாள். கத்தவில்லை. அவள் கத்தாவிட்டால்தான் பயம்.

'உன் புருஷனை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல அந்த நர்ஸு. எந்த வாயால நீ கீழ போட்டேன்னு சொன்னாளோ, அதே வாயால, இதே ஆளுங்க முன்னாடி, தான் ஊசி போடலைன்னு சொல்லணும். சொல்ல வைக்கலேன்னா நான் இந்த வேலை பாத்ததுக்கே அர்த்தமில்ல.'

'போட்டேன்னு கையெழுத்து இருக்காமேக்கா.'

'கையெழுத்து காகிதத்துல இருக்கு. ரத்தத்துல இருக்கான்னு பாக்கலாம்' என்றாள். பிறகு கூடத்துக்கு வெளியே இருக்கிற பெஞ்சில் என்னை உட்கார வைத்து, தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்:

'உன் மிஷின்ல பட்டன் வைக்காமலே சட்டை பேக்கிங்குக்குப் போச்சுன்னா என்ன ஆகும்?'

'திட்டு விழும்.'

'பேக்கிங்கில இருக்கிறவன் எத்தனை சட்டைன்னு மட்டும் எண்றான். அவனுக்குத் தெரியுமா?'

'அவனுக்கு எப்படித் தெரியும்? சட்டை சட்டைதான். போட்டுப் பாத்தாத்தான் மூடாதுன்னு தெரியும்.'

'அதேதான். ரத்தம் உறையறதுக்குன்னு கல்லீரல் சில புரதங்களைத் தைச்சு அனுப்புது. ஒவ்வொரு புரதத்தோட ஒரு ஓரத்துலயும் குளூட்டமிக் அமிலம்னு ஒண்ணு பத்துப் பன்னெண்டு இடத்துல வரிசையா இருக்கும். அது ஒவ்வொண்ணுக்கும் ஒரு கைதான் இருக்கும். பக்கத்துல இன்னொரு அமிலக் கையை ஒட்ட வைக்கணும். ரெண்டு கையானாத்தான் இடுக்கி மாதிரி கால்சியத்தைப் பிடிக்கும். கால்சியத்தைப் பிடிச்சாத்தான் ரத்தம் கசியற இடத்துல போய் உக்காந்து வேலை செய்யும். அந்த ரெண்டாவது கையை ஒட்டுற மிஷின் ஓடறதுக்கு வைட்டமின் கே வேணும். அது இல்லேன்னா கல்லீரல் சும்மா இருக்காது. புரதத்தை அனுப்பிக்கிட்டேதான் இருக்கும்.'

'பட்டன் இல்லாம.'

'பட்டன் இல்லாம. எண்ணிக்கை சரியா இருக்கும், ஒண்ணும் மூடாது.'

'என் பால்ல சத்து இல்லையாக்கா?'

'அறைஞ்சேன்னா பாரு. எந்த அம்மா பால்லயும் அந்த வைட்டமின் கொஞ்சமாத்தான் இருக்கும். ராணியா இருந்தாலும் அப்படித்தான். அது தெரிஞ்சுதானே பிறந்த உடனே ஊசின்னு வச்சிருக்காங்க. தலையில அடிபட்டு உறையாமப் போனா, உறையற சாமானெல்லாம் செலவாகிப் போயிருக்கும், சட்டையே இருக்காது. வைட்டமின் இல்லாமப் போனா சட்டை குவிஞ்சு கிடக்கும், பட்டன்தான் இருக்காது. உன் பிள்ளை ரத்தம் என் டப்பாவுல இருக்கு. ஊசி ஏத்துறதுக்கு முன்னாடி எடுத்தது. அதுல எது இருக்குன்னு பாத்துட்டா முடிஞ்சுது.'

அன்று சாயங்காலமே செய்து பார்த்திருப்பாள். மேஜை அவளுடையது, டப்பா அவளுடையது, கேட்க ஆளில்லை. ஆனால் யோசித்தாள். சொந்தப் பெரியம்மா செய்த பரிசோதனை என்றால் அந்த நர்ஸ் ஊதித் தள்ளிவிடுவாள். ஆகவே பரிசோதனைக் கூடத்தின் தலைவரான லேப் டாக்டரிடம் போனாள். அவர் பரமசாது. எறும்பைக்கூட 'கொஞ்சம் வழிவிடுப்பா' என்று சொல்லித் தாண்டுகிறவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, 'நான் செய்யறேன். நீ அந்தக் குப்பியைத் தொடக்கூடாது. அஞ்சடி தள்ளி நிக்கணும்' என்றார்.

இருபது வருஷம் அந்த மேஜையை ஆண்டவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றாள். அந்தக் கால் மணி நேரத்தை அவள் எனக்கு நாற்பது தடவை சொல்லியிருக்கிறாள். டாக்டர் சுருட்டை விரியன் பாம்பின் விஷத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொடியை வெளியே எடுத்தார். வேறு ஏதோ ஆராய்ச்சிக்காக வாங்கி வைத்திருந்ததாம். அந்த விஷத்துக்கு ஒரு குணம் உண்டு. உறைகிற புரதத்துக்குப் பட்டன் இருக்கிறதா இல்லையா என்றே அது பார்க்காது. புரதம் இருந்தால் போதும், வெட்டி உறைய வைத்துவிடும். சாதாரண மருந்துக்கு உறையாமல், விஷத்துக்கு மட்டும் உறைந்தால், சட்டை இருக்கிறது, பட்டன் இல்லை என்று அர்த்தம்.

முதலில் நல்ல ஆரோக்கியமான ஒருவர் பிளாஸ்மா. சாதாரண மருந்துக்குப் பதின்மூன்று வினாடி, விஷத்துக்கு முப்பது வினாடி. அடுத்து என் பிள்ளையுடையது. சாதாரண மருந்தை விட்டு, வெந்நீர்த் தொட்டியில் வைத்து, குழாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், தண்ணீராகவே ஓடியது. பிறகு விஷத்தை விட்டார். முப்பத்துமூன்றாவது வினாடியில் குழாயைச் சாய்த்தபோது அது நகரவில்லை. ஜெல்லியாக நின்றது.

'பாம்பு பழி வாங்கும்னு சொல்றதெல்லாம் புளுகுன்னு நெனைச்சிருந்தேன்டி' என்றாள் அக்கா என்னிடம்.

டாக்டர் அத்தோடு விடவில்லை. கல்லீரல் நோயா, பித்தக்குழாய் அடைப்பா என்று எல்லாவற்றையும் பார்த்தார். எதுவும் இல்லை. மீதிப் பிளாஸ்மாவை வேறொரு பெரிய கூடத்துக்கு அனுப்பினார். பட்டன் இல்லாத புரதத்தை நேரடியாகவே அளக்கிற பரிசோதனை அங்கே உண்டு. அளவுகோலைத் தாண்டிப் போய்விட்டதால் மூன்று தடவை நீர்க்க வைத்து அளக்க வேண்டியிருந்தது என்று எழுதி அனுப்பினார்கள். குழு அந்த அறிக்கையைப் பார்த்தபிறகுதான், சான்றிதழ் போதாது, அசல் பதிவேடுகளோடு தலைமை நர்ஸ் நேரில் வர வேண்டும் என்று கடிதம் போனது.

வெள்ளிக்கிழமை வந்தது. நீள மேஜை, ஆறு நாற்காலி, ஒரு மின்விசிறி. குழுவின் தலைவியாக ஒரு அதிகாரியம்மா. குழந்தை டாக்டர், லேப் டாக்டர், ஒரு பக்கம் நான், எதிர்ப் பக்கம் என் வீட்டுக்காரரும் மாமியாரும். அக்காவுக்கு அங்கே பேச உரிமை இல்லை. லேப் டாக்டரின் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு வந்தவளாகப் பின்னால் நின்றாள். தலைமை நர்ஸ் இஸ்திரி போட்ட உடுப்போடு வந்து உட்கார்ந்தாள். ஐம்பது வயதிருக்கும். என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

'உங்க பரிசோதனை என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரியாதுங்க. ஊசி போட்டேன். இதோ என் கையெழுத்து' என்று ஊசிப் பதிவேட்டைத் திறந்து நீட்டினாள். என் பெயருக்கு நேரே கையெழுத்து, நேரம் காலை எட்டு மணி. அதிகாரியம்மா பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் பிரசவப் பதிவேடு மூடியே கிடந்தது. அது வேறு அறையில் இருக்கிற புத்தகம், இரண்டையும் ஒன்றாக யாரும் பார்ப்பதே இல்லை என்று பின்னால் தெரிந்தது.

அக்கா குனிந்து அந்த இரண்டாவது புத்தகத்தைத் திறந்தாள். யாரும் தடுக்கவில்லை, கோப்பை அடுக்குகிறாள் என்று நினைத்திருப்பார்கள். பக்கத்தைக் கண்டுபிடித்து, இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதிகாரியம்மா பக்கமாகத் திருப்பினாள்.

'அம்மா, இந்தக் குழந்தை பிறந்தது எட்டு முப்பத்தஞ்சுக்கு. ஊசி போட்டது எட்டு மணிக்கு.' பிறகு நர்ஸைப் பார்த்து, மரியாதை குறையாமல் கேட்டாள், 'ஏங்க, வயித்துக்குள்ளயேவா போட்டீங்க?'

குழந்தை டாக்டர் எழுந்து வந்து புத்தகத்தைப் பார்த்தார். அன்றைய பக்கத்தில் ஐந்து அம்மாக்களின் பெயர். ஐந்துக்கும் எட்டு மணி. ஐந்தும் ஒரே பேனா, ஒரே இழுப்பு.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நர்ஸ் இன்னும் இரண்டு நிமிஷம் முயற்சி செய்து பார்த்தாள். கடிகாரம் தப்பு என்றாள். கடைசியில் முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டு சொன்னாள். பிரசவ வலியோடு வந்தவர்கள் பெயரைக் காலையில் பலகையில் எழுதுவார்கள். வேலைக்கு வந்ததும் அந்தப் பெயர்களைப் பதிவேட்டில் எழுதி, வரிசை முழுவதும் கையெழுத்துப் போட்டுவிடுவாளாம். அப்புறம் வேலை நெருக்கும்போது நேரம் கிடைக்காது என்பதற்காக. 'ஆனா எப்பவும் அப்புறம் ஊசி போட்டுடுவேங்க. பதினெட்டு வருஷமா இப்படித்தான். அன்னைக்கு ஒரே நேரத்துல ரெண்டு பிரசவம். புத்தகத்தைப் பாத்தேன், கையெழுத்து இருந்துச்சு. போட்டுட்டேன்னு நெனைச்சுட்டேன்.'

தன் கையெழுத்தே தன்னை ஏமாற்றியிருக்கிறது. கேட்டபோது ஒரு கணம் எனக்குக்கூடப் பாவமாக இருந்தது. யானைக்கும் அடி சறுக்கும்தானே. மறந்துபோனதை நான் மன்னித்திருப்பேன். ஆனால் போனில் கேட்டபோது புத்தகத்தை ஒழுங்காகப் பார்க்காமல், நான் கீழே போட்டேன் என்று சொன்னாளே, அது மறதியா?

அதிகாரியம்மா 'சரி, போதும்' என்றார்.

'போதாதும்மா' என்றாள் அக்கா. 'இவங்க இன்னொண்ணு சொல்லியிருந்தாங்க. அதையும் திருப்பி வாங்கிக்கணும்.'

அதிகாரியம்மா அக்காவை முறைத்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, நர்ஸைப் பார்த்துத் தலையசைத்தார். நர்ஸ் முதல் முறையாக என் பக்கம் திரும்பினாள். 'நான் ஊசி போடல. நீ கீழ போட்டேன்னு சொன்னது தப்பும்மா. எனக்குத் தெரியாமச் சொல்லிட்டேன்.' எனக்கு அது இனித்தது. பொய் எதற்கு, தேன் குடித்த மாதிரி இனித்தது. அக்கா அன்றைக்கு மத்தியானம் இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டாள். மூன்று வாரமாகப் பசியே எடுக்கவில்லை என்றாள்.

நர்ஸின் வேலை போனது. அவள் பதிவையே ரத்து செய்வதா என்று விசாரணை நடந்தது. பிள்ளையை அன்று மாலையே என் கையில் கொடுத்துவிட்டார்கள். எதிரில் யாரும் உட்காராமல் அவனுக்குப் பால் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் என் வீட்டுக்காரர் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் பழப்பை. சவரம் செய்யாத முகம். உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

'தப்புப் பண்ணிட்டேன். அம்மா பேச்சைக் கேட்டுட்டேன். வீட்டுக்கு வா' என்றார். 'பிள்ளையைப் பாக்காம இருக்க முடியல.'

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் இவரைக் கடித்துக் குதறப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ, 'சரி, வந்துட்டாரு. மனுஷன் இளைச்சுப் போயிட்டாரு. நாலு வார்த்தை திட்டிட்டுக் கூடப் போடி. பிள்ளைக்கு அப்பா வேணும்' என்றாள். அவளுக்கு நர்ஸோடு கணக்குத் தீர்ந்துவிட்டது. வயிறு நிறைந்தவள் பேச்சு.

எனக்குத் தீரவில்லை. அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அந்த நர்ஸ் யாரோ ஒருத்தி. இவர் என் பக்கத்தில் படுத்திருந்தவர்.

'வர்றேன்' என்றேன். 'ஞாயித்துக்கிழமை எல்லாரும் வீட்டுல இருப்பாங்க. சந்து முனையிலிருந்து ஒவ்வொரு வீடா நீங்க கதவைத் தட்டுங்க. என் பொண்டாட்டி பிள்ளையைக் கீழ போடல, போட்டிருப்பான்னு நான் எழுதிக் கொடுத்தது பொய்னு சொல்லுங்க. நான் பிள்ளையோட பின்னாடியே வர்றேன். கடைசி வீடு வரைக்கும் சொல்லி முடிச்சாத்தான் நான் வீட்டுக்குள்ள காலை வைப்பேன்.'

அவர் சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. அக்காவும் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனோம். முன்னால் அவர், பின்னால் தோளில் பிள்ளையோடு நான், அதற்கும் பின்னால் அக்கா. முதல் வீட்டில் வாட்ச் ரிப்பேர்காரர். இவர் என்னவோ முணுமுணுத்தார். 'சத்தமாப் பேசுங்க, அவருக்குக் காது மந்தம்' என்றேன். சத்தமாகச் சொன்னார். இரண்டாவது வீட்டில் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மூன்றாவது வீட்டில் 'உள்ள வாங்களேன்' என்றார்கள், போகவில்லை. ஐந்தாவது வீட்டு அம்மா, 'அட, இதெல்லாம் எதுக்குப்பா? நாங்க அப்பவே நம்பலையே' என்றாள். முதலில் பேச்சைக் கிளப்பியதே அவள்தான். 'நம்பலேன்னா சந்தோஷம். அவர் முழுசாச் சொல்லட்டும், கேளுங்க' என்றேன். மறுபடி முதலிலிருந்து சொல்ல வைத்தேன்.

அதற்குள் சந்துக்கே செய்தி போய்விட்டது. ஜன்னல்கள் திறந்தன. ஆறாவது வீட்டில் அவர் சொல்வதற்கு முன்பே ஆட்கள் வெளியே வந்து காத்து நின்றார்கள். ஏழாவது வீட்டில் 'என் பொண்டாட்டி' என்று ஆரம்பித்தவருக்குக் குரல் உடைந்துவிட்டது. எப்படியோ சொல்லி முடித்துவிட்டு, தெருவோரக் கல்லில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கல்யாணமான நாள் முதல் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. 'போதும்டி. விட்டுடு. இதுக்கு மேல ஒரு மனுஷன் என்ன செய்வான்?'

'உனக்குப் போதும்னா நீ வீட்டுக்குப் போக்கா' என்றேன். 'இன்னும் நாலு வீடு இருக்கு. கடைசி வீட்டுல அவங்க அம்மா இருக்காங்க.'

பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, எட்டாவது வீட்டுக் கதவைத் தட்டினார்.